ஆட்டிசமும் கஞ்சா எண்ணெயும்: கேட்கிற பெற்றோருக்கு ஒரு விளக்கம்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு வீடியோ வந்து விழும். அமெரிக்காவிலோ இஸ்ரேலிலோ ஒரு தாய், தன் மகனின் நாக்குக்கு அடியில் சில சொட்டு எண்ணெய் விடுவார். தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்த பையன் கொஞ்ச நேரத்தில் அமைதியாக உட்கார்ந்துவிடுவான். பார்த்தவர்களுக்கு உடனே எழும் கேள்விகள் மூன்று. இது நம்ம ஊரில் கிடைக்குமா? வாங்கினால் போலீஸ் பிடிக்குமா? கொடுத்தால் பிள்ளைக்கு நல்லதா?

கேட்கிறவரைக் குற்றவாளி மாதிரியும் ஏமாளி மாதிரியும் பார்க்கும் வழக்கம் நம் மருத்துவமனைகளில்கூட இருக்கிறது. நள்ளிரவு தாண்டியும் தூங்காத பிள்ளையோடு வருடக்கணக்கில் விழித்திருப்பவர் எந்தக் கதவையும் தட்டத்தான் செய்வார். அவருக்கு ஒழுங்கான பதில் கொடுப்பது நம் கடமை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பவரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் பொறுப்பு எடுக்கக்கூடிய பல நிறுவனங்கள் இந்த ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன.

முதலில் செடியைப் பற்றி. கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனிவகை வேதிப்பொருள்கள் உண்டு. நமக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. டிஎச்சி என்பது போதை தருவது. வளரும் மூளைக்கு ஆபத்தானதும் அதுதான். பதட்டம், மனப்பிரமை, சிலருக்கு மனநோய் வரை கொண்டுபோகும். சிபிடி போதை தராது. வலிப்பைக் கட்டுப்படுத்தும் குணம் அதற்கு உண்டு என்பது நிரூபணமாகிவிட்டது. மருந்து என்று உலகம் பேசுவது பெரும்பாலும் சிபிடியை, அல்லது சிபிடி மிக அதிகமாகவும் டிஎச்சி மிகக் குறைவாகவும் உள்ள சாற்றை.

ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வந்து ஜி.எஸ்.டி. சாலையிலும் ஈ.சி.ஆரிலும் பிடிபடுகிற பொட்டலம் இதற்கு நேர் எதிர். போதைக்காகவே வளர்த்தது; டிஎச்சி அதிகம்; எவ்வளவு என்று விற்கிறவனுக்கும் தெரியாது. தமிழகக் காவல்துறை 2021 டிசம்பரில் தொடங்கிய ‘கஞ்சா வேட்டை’ குறிவைத்தது இந்தச் சரக்கைத்தான். மாமல்லபுரம் கடற்கரையில் யாரோ ரகசியமாக நீட்டுவதை எண்ணெயில் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று யாராவது யோசித்தால், தயவுசெய்து அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். மருந்தின் அளவு தெரியாமல், வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் போதை ஏற்றுவதுதான் அதில் நடக்கும்.

அடுத்து சட்டம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், என்டிபிஎஸ் என்று நாம் சொல்வது, கஞ்சாச் செடியின் பூ, காய் நுனிகளையும் பிசினையும் தடை செய்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்தச் சட்டம் சொல்லும் கஞ்சாவில் சேராது. வட இந்தியாவில் பாங்கு கடைகள் நடப்பது இந்த விலக்கினால்தான். கஞ்சா ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 ஆண்டு. பிள்ளைக்காக வைத்திருந்தேன் என்று சொல்வதால் இந்தத் தண்டனையிலிருந்து விலக்கு கிடைக்காது.

அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவு, மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் உரிய அனுமதியோடு பயன்படுத்த இடம் விட்டிருக்கிறது. மருத்துவக் கஞ்சா என்பதற்குத் தனி வரையறையே அதில் உண்டு: கஞ்சாவிலிருந்து எடுத்த சாறு, கரைசல். 10-ஆவது பிரிவு, வளர்ப்பதற்கு உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளிடம் கொடுத்திருக்கிறது. ஆக, மருத்துவத்துக்கான வாசல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆட்டிசத்துக்காக அதைத் திறக்கும் விதிகளைத்தான் யாரும் எழுதவில்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1937-இல் வந்த மதுவிலக்குச் சட்டம் இங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. போதைப்பொருள் என்று அது சொல்வதில் கஞ்சாச் செடியின் இலையும், பாங்கும் சேர்த்தி. மத்தியச் சட்டம் விட்ட இலையை மாநிலச் சட்டம் பிடித்துக்கொள்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ‘இலைதானே, சட்டப்படி சரிதான்’ என்று ஆன்லைன் விற்பனையாளர் சொன்னால், தமிழ்நாட்டு முகவரிக்கு அந்தப் பேச்சு முழுமையானதல்ல.

அப்படியானால் ஆன்லைனில் ‘விஜயா எண்ணெய்’ என்று விற்கிறார்களே, அது எப்படி? அது ஆயுஷ் வழியாக வருவது. ஆயுர்வேதத்தில் கஞ்சா இலைக்கு விஜயா என்று பெயர். சித்த மருத்துவத்திலும் கஞ்சா உண்டு. சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். மருந்து விதிகளின் இ(1) அட்டவணையில் நஞ்சுள்ள மூலிகைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எட்டி, ஊமத்தை, அலரி, அபினி ஆகியவற்றோடு கஞ்சாவும் அதில் இருக்கிறது. இவை சேர்ந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்று பாட்டிலில் எச்சரிக்கை அச்சிட்டாக வேண்டும். ஆயுஷ் உரிமம் பெற்ற கம்பெனி, ஆயுஷ் மருத்துவரின் சீட்டு, கூரியரில் பாட்டில் என்பதுதான் இன்று நடப்பில் உள்ள பாதை. சீட்டு எழுதுகிற மருத்துவர் பல நேரம் போனில் சில நிமிடம் பேசியதோடு சரி. பிள்ளையைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். அது ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளையும் கேட்டிருக்க மாட்டார்.

அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். 30 மி.லி. பாட்டிலில் ‘விஜயா இலைச் சாறு 1,500 மி.கி.’ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சாறு 1,500 மி.கி. என்றால் சிபிடி 1,500 மி.கி. என்று அர்த்தமில்லை. சாற்றில் சிபிடி எவ்வளவு, டிஎச்சி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா? ‘முழு நிறமாலை’ என்று பெருமையாகப் போட்டிருந்தால், டிஎச்சியும் உள்ளே இருக்கிறது என்று பொருள். எந்த ஆய்வகம், எந்தத் தேதியில், எந்தத் தொகுதி எண்ணைச் சோதித்தது என்று தாள் இருக்கிறதா? இதையெல்லாம் கேளுங்கள். பதில் வராவிட்டால் பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கீழே சொல்லப்போகும் இஸ்ரேல் ஆய்வில், பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. சிபிடியில் தொடங்கி 10 மி.கி. வரை மெல்ல ஏற்றினார்கள். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது நாளைக்கு 250 மி.கி. வரை போகும். மேலே சொன்ன பாட்டிலில் இருப்பது முழுவதும் சிபிடி என்றே எடுத்துக்கொண்டாலும் ஆறு நாளில் தீர்ந்துவிடும். அப்படியானால் நாளைக்குச் சில சொட்டு என்று ஒரு பாட்டிலை மாதக்கணக்கில் கொடுக்கிறவர்கள், ஆய்வில் சோதித்த அளவுக்கு அருகில்கூடப் போகவில்லை. பலன் தெரிந்தது என்று அவர்கள் சொன்னால் அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பிள்ளையை உற்றுக் கவனிக்கத் தொடங்கும்போது நல்ல நாட்கள் கண்ணில் படுகின்றன. அதை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அதனால்தான் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் எண்ணெய் என்று பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் பிரித்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு வேண்டியிருக்கிறது. ஆட்டிசத்தில் அப்படி நடந்த முக்கியமான ஆய்வு, ஜெருசலேம் ஷாரே செடெக் மருத்துவமனையில் அதி அரான் தலைமையில் நடந்து 2021-இல் வெளியானது. 5 முதல் 21 வயது வரை 150 பேர். சிபிடி 20 பங்கு, டிஎச்சி 1 பங்கு என்ற சாறு ஒரு குழுவுக்கு. அதே விகிதத்தில் சுத்திகரித்த பொருள் இன்னொரு குழுவுக்கு. வெறும் எண்ணெய் மூன்றாவது குழுவுக்கு. 12 வாரம் பார்த்தார்கள்.

முடிவு இரண்டு விதமாகவும் வந்தது. வீட்டுச் சூழலில் பிள்ளையின் நடத்தை, பெற்றோரின் மன அழுத்தம் ஆகியவற்றுக்கான மதிப்பெண்களில் மருந்துக்கும் வெறும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. முரட்டு நடத்தை எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டபோது, சாறு சாப்பிட்டவர்களில் 49 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். வெறும் எண்ணெய் சாப்பிட்டவர்களில் 21 சதவீதம். சாறு சாப்பிட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குத் தூக்கக் கலக்கம், 25 சதவீதம் பேருக்குப் பசி குறைவு. அந்த 21 சதவீதத்தை மறக்காதீர்கள். மருந்தே இல்லாத எண்ணெயைச் சாப்பிட்டும் ஐந்தில் ஒரு பிள்ளை நன்றாகத் தேறியதாகத் தெரிந்திருக்கிறது. வாட்ஸ்அப் வீடியோவில் இருக்கும் பையன் எந்தக் கணக்கில் சேர்ந்தவன் என்று யாரால் சொல்ல முடியும்?

அதே குழு 60 பிள்ளைகளைப் பற்றி அதற்கு முன் வெளியிட்ட அறிக்கையில், டிஎச்சி கூடுதலாகச் சாப்பிட்ட ஒரு சிறுமிக்குக் கடுமையான மனநோய் அறிகுறி வந்து, அதற்குத் தனி மருந்து கொடுக்க வேண்டியிருந்தது என்றும் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு அது சரியாகிவிட்டது. ஆனாலும் டிஎச்சி ஏன் கவலைக்குரியது என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

நான் இந்த ஆய்வுகளைப் படித்து எடுத்துக்கொண்டது இதுதான்: சிபிடி அதிகமுள்ள சாறு, ஆட்டிசத்தோடு வரும் முரட்டுத்தனத்துக்குச் சிலருக்கு உதவக்கூடும். பேச்சு வரவைக்கும், ஆட்டிசத்தைப் போக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. போக்க வேண்டிய நோயாக ஆட்டிசத்தைப் பார்ப்பதே சரியா என்று கேட்கிற ஆட்டிச இளைஞர்களும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

வலிப்பு விஷயம் வேறு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். டிராவே நோய், லெனாக்ஸ்–காஸ்டோ நோய் என்ற கடுமையான இரண்டு வலிப்பு வகைகளுக்கு, சுத்திகரித்த சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸை 2018 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. 2020-இல் டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற மரபணு நோயில் வரும் வலிப்பையும் சேர்த்தது. அந்த நோயுள்ள பிள்ளைகளில் பலருக்கு ஆட்டிசமும் இருக்கும். டிராவே நோயில் நடந்த ஆய்வில், மாதம் சராசரியாக 12 தடவைக்கு மேல் வந்த வலிப்பு 6 தடவையாகக் குறைந்தது. வெறும் கரைசல் சாப்பிட்டவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. கல்கத்தாவில் வலிப்பு வந்த கைக்குழந்தைக்குக் கஞ்சாக் கரைசல் கொடுத்ததை, ஓஷானெஸி என்ற மருத்துவர் 1843-இல் வெளியான கட்டுரையில் எழுதியிருக்கிறார். அது நிரூபணமாக இத்தனை காலம் ஆனது.

ஆனால் வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடும் பிள்ளைக்குச் சிபிடி சேர்த்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம்; ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டும். குளோபசாம் சாப்பிட்டால் அதன் அளவு ரத்தத்தில் ஏறி, பிள்ளை சோர்ந்து கிடக்கும். இதை நரம்பியல் மருத்துவர் பார்த்துத்தான் செய்ய முடியும். அவருக்குத் தெரியாமல் வீட்டில் எண்ணெய் கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்தே இதுதான். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ ஒரு பாட்டில் கொண்டுவருகிறேன் என்பார்கள். பென்சில்வேனியாவில் 2016 சட்டம், மினசோட்டாவில் 2018, டெக்சாஸில் 2019 என்று பல அமெரிக்க மாநிலங்களில் ஆட்டிசத்துக்கு அனுமதி உண்டு. ஆதாரம் முழுதாக வருவதற்கு முன்பே பெற்றோர் போராடி வாங்கிய அனுமதிகள் அவை. பிரிட்டனில் 2018 நவம்பர் முதல் சிறப்பு மருத்துவர் எழுதித் தரலாம். இந்தச் சீட்டு எதுவும் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் செல்லாது. கஞ்சாச் சாற்றைப் பையில் வைத்துக்கொண்டு சுங்கத்தைக் கடப்பது, கொண்டுவருபவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய காரியம்.

இந்தியாவிலும் அசைவு இருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க 27 நாடுகள் வாக்களித்தன, 25 எதிர்த்தன, இந்தியா ஆதரித்தது. உத்தராகண்ட் 2018-இல் தொழில் உபயோகத்துக்கு வளர்க்க உரிமம் கொடுத்தது. ஜம்முவில் சிஎஸ்ஐஆர் ஆய்வுக்கூடம் மருந்துக்காகவே வளர்த்துப் பார்க்கிறது. இமாச்சலம் 2025-இல் வேளாண் பல்கலைக்கழகங்கள் மூலம் முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாடு இதில் இல்லை.

மார்ஃபின் கதையை இங்கே நினைக்கிறேன். 1985 சட்டம் வந்தபின் புற்றுநோய் வலியால் துடித்தவர்களுக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாகிவிட்டது. சட்டம் அதைத் தடுக்கவில்லை. உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்ட விதிகளும், வழக்குப் பயமும் தடுத்தன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, 2015-இல் மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் போதைமருந்துகள் என்று அறிவித்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒரே அனுமதி போதும் என்று ஆக்கினார்கள். இடைப்பட்ட கிட்டத்தட்ட 30 ஆண்டுகளில் வலியோடு செத்தவர்கள் எத்தனை பேர்! கஞ்சா மருந்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது. மார்ஃபினுக்கு இருந்த அளவு ஆதாரம் இதற்கு இன்னும் இல்லை என்பதும் உண்மை. ஆகவே ஆதாரத்தைத் தேடுவதுதான் முதல் வேலை. அதற்கான ஆட்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

முட்டுக்காட்டில் ஈ.சி.ஆரை ஒட்டி, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005-இல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. நிப்மெட் என்று சொல்வார்கள். தாம்பரம் சானடோரியத்தில், அதே 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி. பிள்ளைகளை அறிந்தவர்கள் ஓரிடத்தில், கஞ்சாவைச் சுத்தி செய்யத் தெரிந்தவர்கள் ஓரிடத்தில், ரத்தமும் கல்லீரலும் பார்க்கத் தெரிந்தவர்கள் ஓரிடத்தில். மூவரும் சேர்ந்து முறையான ஒரு மருந்துச் சோதனை நடத்த மாநில அரசு அனுமதியும் பணமும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இல்லாவிட்டால் ஒவ்வொரு தாயும் தன் வீட்டிலேயே, யாரும் குறித்துவைக்காத சோதனை ஒன்றை நடத்திக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு சோதனை வந்தால் உங்களுக்கு உள்ள உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 6-ஆவது பிரிவுப்படி, சம்பந்தப்பட்டவருக்குப் புரியும் முறையில் விளக்கிச் சம்மதம் வாங்காமல் அவரை ஆராய்ச்சியில் சேர்க்கக்கூடாது. ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழுவில் பாதிப்பேராவது மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களின் பதிவுபெற்ற சங்கத்தினராகவோ இருக்க வேண்டும். பதினெட்டு வயது தாண்டிய ஆட்டிச இளைஞரைக் கேட்காமல், அவர் அப்பாவை மட்டும் கேட்டுக் கையெழுத்து வாங்குவது போதாது; படம் காட்டியோ சைகையிலோ அவரையும் கேட்க வேண்டும். சோதனை சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். சேருகிறவரிடம் பணம் வாங்கக்கூடாது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்கியவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022 டிசம்பரில் சொல்வதற்குள் பல குடும்பங்கள் நகையையும் நிலத்தையும் இழந்திருந்தன.

இன்று ராத்திரி என்ன செய்வது என்பது மிச்சம் இருக்கிறது. நன்றாக இருந்த பிள்ளை திடீரெனத் தலையை முட்டத் தொடங்கினால், முதலில் காது, பல், வயிறு மூன்றையும் பாருங்கள். காதில் சீழ், சொத்தைப்பல், பல நாள் மலச்சிக்கல் எதுவானாலும், பேச வராத பிள்ளைக்கு அதைச் சொல்ல வேறு வழி இல்லை. தூக்கத்துக்கு மெலடோனின், கட்டுக்கடங்காத எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் என்று ஆய்வுகளில் தேறிய மருந்துகள் இருக்கின்றன. எடை கூடுவது போன்ற பக்கவிளைவு உண்டு, ஆகவே மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். முட்டுக்காட்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் குழந்தைகள் பிரிவிலும் தெரபிக்கு வழி கேளுங்கள்.

ஆட்டிசத்தை மதிப்பிடும் 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலில் மதிப்பெண் போட்டுச் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கிவையுங்கள். நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது; வெளிநோயாளி சிகிச்சையும் தெரபியும் அதில் அடங்கும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பிள்ளை சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டையையும், வாங்கியிருந்தால் அந்த எண்ணெய்ப் பாட்டிலையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.